‘பி’ பாரம் யார் கையிலோ, வார்டு அவர் கையில்!

மனு தாக்கலுக்குக் கடைசி நாள். மணி நாலரை. ஐந்து அடித்தால் கதவை மூடிவிடுவார்கள்.

மண்டல அலுவலக வாசலில் ஒரே கூட்டம். எங்கு பார்த்தாலும் கரை வேட்டி. மாலை வாங்கி வைத்தாயிற்று. பட்டாசுச் சரத்தைத் தெருவில் விரித்தாயிற்று. வேட்பாளர் வேர்த்து விறுவிறுத்து நிற்கிறார். வாக்காளர் பட்டியலில் அவர் பெயர் இருக்கிறது. டெபாசிட் பணம் சட்டைப் பையில் இருக்கிறது. முன்மொழிய ஆள் பக்கத்திலேயே நிற்கிறார். ஒன்றே ஒன்று மட்டும் வந்து சேரவில்லை.

‘பி’ பாரம்!

அந்தத் தாள் வந்தால் அவர் கட்சி வேட்பாளர். வராவிட்டால் சுயேச்சை. வேறு ஆள் பெயரில் வந்துவிட்டாலோ கதை கந்தல்! இருபது வருஷம் கொடி பிடித்தது, போஸ்டர் ஒட்டியது, போராட்டத்தில் வேனில் ஏறியது எல்லாம் அந்த நிமிஷத்தோடு சரி. வாங்கி வைத்த மாலை இன்னொருவர் கழுத்துக்குப் போகும். பட்டாசும் அவருக்கே வெடிக்கும்.

இது ஒரு கட்சிக்கு மட்டும் உரிய காட்சி என்று யாரும் நினைக்க வேண்டாம். கொடியின் நிறம்தான் மாறும், வேர்வை ஒன்றுதான்.

2022-ல் தமிழ்நாட்டின் 21 மாநகராட்சிகளுக்கும், நகராட்சி, பேரூராட்சிகளுக்கும் சேர்த்துத் தேர்தல் நடந்தது. பிப்ரவரி 4-ந்தேதி மனு தாக்கல் முடிந்தது. 19-ந்தேதி ஓட்டுப்பதிவு. 22-ந்தேதி ஓட்டு எண்ணிக்கை. விரலில் மை வைத்துக்கொண்டு வீடு திரும்பியவர்கள், “நம்ம கவுன்சிலரை நாமதான் தேர்ந்தெடுத்தோம்” என்று நினைத்துக்கொண்டார்கள். அது பாதிதான் நிஜம். மீதிப் பாதி 4-ந்தேதிக்கு முன்பே, வேறு ஒரு வீட்டு மாடியில் முடிந்துபோன காரியம்.

ஒரு கையெழுத்து

‘ஏ’ பாரம், ‘பி’ பாரம் என்று பேப்பரில் அடிக்கடி படிக்கிறோம். அது என்ன?

கட்சியின் தலைவரோ பொதுச் செயலாளரோ, “எங்கள் வேட்பாளரை அறிவிக்க இன்னாருக்கு அதிகாரம் தருகிறேன்” என்று கையெழுத்துப் போட்டுத் தருவது ‘ஏ’ பாரம். அந்த இன்னார், “இந்த வார்டுக்கு இவர்தான் எங்கள் ஆள்” என்று கையெழுத்துப் போட்டுத் தருவது ‘பி’ பாரம். இரண்டும் நேரத்தோடு தேர்தல் அதிகாரியின் மேஜைக்கு வந்தால்தான் உதயசூரியனோ இரட்டை இலையோ கையோ கிடைக்கும்.

அவ்வளவுதான். இரண்டே கையெழுத்து. ஆனால் சென்னை மாதிரி ஊரில், ஒரு வார்டில் ஆயிரக்கணக்கானவர்கள் போடும் ஓட்டைவிட அந்த இரண்டு கையெழுத்துக்குத்தான் கனம் அதிகம்.

எவ்வளவு கனம் என்று அ.தி.மு.க.காரர்களைக் கேட்டால் தெரியும். 2022 ஜூலை 9-ந்தேதி உள்ளாட்சி இடைத்தேர்தல். அப்போது அந்தக் கட்சியில் ஒருங்கிணைப்பாளர் ஓ.பன்னீர்செல்வம், இணை ஒருங்கிணைப்பாளர் எடப்பாடி பழனிசாமி என்று இரட்டைத் தலைமை. பாரத்தில் இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். ஜூன் 23-ந்தேதி பொதுக்குழுவில் இருவரும் முட்டிக்கொண்டார்கள். “நான் கையெழுத்துப் போடத் தயார்” என்று ஓ.பி.எஸ். கடிதம் எழுதினார். அந்தப் பதவியே காலாவதி ஆகிவிட்டது என்று இ.பி.எஸ். பதில் எழுதினார். நாள் ஓடிவிட்டது. கட்சிக்காக மனு போட்டிருந்த வேட்பாளர்களுக்கு இரட்டை இலை கிடைக்கவில்லை. சுயேச்சைச் சின்னத்தில் நின்றார்கள்!

அவர்கள் செய்த தப்பு என்ன? ஒன்றும் இல்லை. சென்னையில் இரண்டு பெரியவர்கள் சண்டை போட்டுக்கொண்டார்கள். எங்கோ ஒரு வார்டில் நின்றவருக்கு இலை போயிற்று.

அடுத்த ஆண்டு ஈரோடு கிழக்கு சட்டசபை இடைத்தேர்தலிலும் இதே தலைவலி. உச்ச நீதிமன்றம் வரை போய், பொதுக்குழுவின் முடிவைக் கேட்டு, அவைத் தலைவர் தமிழ்மகன் உசேன் கையெழுத்துப் போட்ட பிறகுதான் தென்னரசுக்கு இலை கிடைத்தது. சட்டசபை வேட்பாளருக்கு உச்ச நீதிமன்றம் வரை போக ஆள் இருந்தது. வார்டு வேட்பாளருக்கு யார் போவார்கள்?

‘மாவட்டம்’ தூங்குகிறார்!

கட்சிக்காரர்கள் பேச்சில் ஒரு வேடிக்கை உண்டு. பதவியே ஆளின் பெயர் ஆகிவிடும். வட்டச் செயலாளர் ‘வட்டம்’. பகுதிச் செயலாளர் ‘பகுதி’. மாவட்டச் செயலாளர் ‘மாவட்டம்’. “மாவட்டம் கிளம்பிட்டாரா?” “இல்லண்ணே, மாவட்டம் தூங்கறாரு. அப்புறமா வாங்க.” பூகோளம் படித்தவர் கேட்டால் மயங்கி விழுவார்.

கவுன்சிலர் சீட்டுக்குப் பெயர் மேலே போகும் வழி இதுதான். கட்டணம் கட்டி விருப்ப மனு கொடுக்கலாம். நேர்காணலும் நடக்கும். ஆனால் மேலிடத்தில் இருப்பவருக்கு எந்த வார்டில் யார் நல்லவர் என்று எப்படித் தெரியும்? ‘மாவட்டம்’ என்ன சொல்கிறாரோ அதுதான். தலைவரின் கையெழுத்து கடைசியில் வருகிறது. ஆளைப் பொறுக்கி எடுத்தவர் நடுவில் இருக்கிறார்.

அந்த ‘மாவட்ட’த்தைத் தேர்ந்தெடுப்பது யார்? உட்கட்சித் தேர்தல் என்று ஒன்று நடக்கத்தான் செய்கிறது. 2022-ல் தி.மு.க.வில் நடந்தது, கட்சிக் கணக்குப்படி 72 மாவட்டங்கள். பெரும்பாலானவற்றில் போட்டி இல்லை. அக்டோபர் 9-ந்தேதி தலைவர் பதவிக்கு மு.க.ஸ்டாலின் போட்டியின்றித் தேர்வு. 2023 மார்ச்சில் அ.தி.மு.க. பொதுச் செயலாளராக எடப்பாடி பழனிசாமி, அதுவும் போட்டியின்றி. நம் ஊர்க் கட்சிகளில் ‘போட்டியின்றி’ என்பது ஒரு மங்கல வார்த்தை.

இப்போது நம் கவுன்சிலரின் நிலைமையைப் பாருங்கள். காலையில் எழுந்ததும் அவருக்கு இரண்டு வழி. தெருக்கோடியில் குழாயடியில் நிற்கும் பெண்களிடம் போகலாம். அல்லது ‘மாவட்டம்’ வீட்டு வராந்தாவில் போய் நிற்கலாம். குழாயடியில் நிற்பவர்களுக்கு 5 வருஷத்துக்கு ஒரு ஓட்டு. வராந்தாவுக்கு உள்ளே இருப்பவருக்கு அடுத்த தேர்தலின் ‘பி’ பாரம். எங்கே போவார்? நீங்களாக இருந்தால் எங்கே போவீர்கள்?

அவரைக் குற்றம் சொல்லிப் பயன் இல்லை. தொழில் அப்படி.

பணமும் ஒரு காரணம். கவுன்சிலர் வேலைக்குச் சம்பளம் என்று ஒன்று வெகுகாலம் கிடையாது. கூட்டத்துக்கு வந்தால் படி, அவ்வளவே. 2023-ல்தான் மாநகராட்சிக் கவுன்சிலருக்கு மாதம் 10,000 ரூபாய் மதிப்பூதியம் என்று வந்தது. ஒரு துணிக்கடை சேல்ஸ்மேன் சம்பளம்கூட இல்லை. ஆனால் தேர்தலுக்கு ஆகிற செலவு? பூத் ஏஜெண்டுக்குச் சாப்பாடு, ஆட்டோ, நோட்டீஸ், கொடி, இத்யாதி, இத்யாதி. அந்த ‘இத்யாதி’யில்தான் பெரிய பணம் போகிறது என்று எல்லோருக்கும் தெரியும். கைப்பணம் இல்லாதவர் யாரிடமாவது வாங்கித்தான் நிற்க வேண்டும். கொடுத்தவர் சும்மா கொடுக்க மாட்டார். ஜெயித்த பிறகு வார்டில் எந்த வேலை யாருக்கு என்பதில் அவர் குரலும் கேட்கும்.

இன்னொரு சங்கதி. 2016-ல் உள்ளாட்சியில் பெண்களுக்குப் பாதி இடம் என்று சட்டம் வந்தது. நல்ல சட்டம். ஆனால் ஒரு வார்டு பெண்கள் வார்டு ஆனதும் முதலில் என்ன நடக்கிறது? ‘வட்ட’த்தின் வீட்டுக்காரம்மா பெயரில் விருப்ப மனு போகிறது. இல்லாவிட்டால் மகள், மருமகள். அந்த வார்டில் வருஷக்கணக்காக மகளிர் அணியில் உழைத்த அம்மாள் அப்படியே நிற்பார். ஜெயித்த பிறகு வார்டைச் சுற்றிவருபவர் ‘கவுன்சிலர் வீட்டுக்காரர்’. போனை எடுப்பதும் அவரே. இதையும் மீறித் தானே கூட்டத்தில் எழுந்து கேள்வி கேட்கிற பெண் கவுன்சிலர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு கும்பிடு. மேலே இருந்து வந்த தயவைத் தாண்டி அவர்கள் பேச வேண்டியிருக்கிறது.

மேயர் யார்? சீட்டு வந்தால் தெரியும்

கவுன்சிலர் கதை இது என்றால், மேயர் கதை இன்னும் ருசி.

1973-ல் மஸ்டர் ரோல் ஊழல் புகாரில் சென்னை மாநகராட்சி மன்றம் கலைக்கப்பட்டது. அப்புறம் தேர்தல் நடந்தது 1996-ல். நடுவில் 23 வருஷம்! அந்த 1996-ல் மக்களே நேராக ஓட்டுப் போட்டு மேயரைத் தேர்ந்தெடுத்தார்கள். மு.க.ஸ்டாலின் வந்தார். 2001-லும் அவரே. 2006-ல் முறை மாறியது, கவுன்சிலர்கள் கூடித் தேர்ந்தெடுத்தார்கள், மா.சுப்பிரமணியன் மேயர். 2011-ல் மறுபடி நேரடித் தேர்தல், சைதை துரைசாமி. 2016-ல் சட்டத்தைத் திருத்தி மறைமுகம். 2018-ல் திருத்தி நேரடி. 2019 நவம்பரில் அவசரச் சட்டம் போட்டு மறுபடி மறைமுகம்!

சட்டமா, ஊஞ்சலா?

2019 அவசரச் சட்டம் அ.தி.மு.க. ஆட்சியில் வந்தது. 2021-ல் வந்த தி.மு.க. ஆட்சி அதை மாற்றாமல் அப்படியே வைத்துக்கொண்டு 2022 தேர்தலை நடத்தியது. ஏன் மாற்றவில்லை? இரண்டு கட்சித் தலைமைக்கும் மறைமுகத் தேர்தல் சௌகரியம் என்பதைத் தவிர வேறு காரணம் தேடத் தேவையில்லை. மக்கள் நேரே தேர்ந்தெடுத்த மேயர் லட்சக்கணக்கான ஓட்டு வாங்கியவர். அவருக்கென்று ஒரு பலம் இருக்கும். கவுன்சிலர்கள் தேர்ந்தெடுத்த மேயருக்கு மேலிடம்தான் பலம்.

சென்னையில் 200 வார்டில் தி.மு.க. மட்டும் 153 பிடித்தது. அ.தி.மு.க.வுக்கு 15. மேயர் யார் என்று மார்ச் 3-ந்தேதி வரை ஊகம்தான். அன்று தலைமைக் கழகம் பட்டியல் வெளியிட்டது. மறுநாள் 74-வது வார்டு ஆர்.பிரியா போட்டியின்றி மேயர். வயது 28. சென்னைக்குக் கிடைத்த முதல் தலித் பெண் மேயர். அது பெருமைதான், அதில் குறை சொல்ல ஏதுமில்லை. ஆனால் 200 பேர் உட்கார்ந்திருந்த ரிப்பன் கட்டிடத்தில் ‘தேர்தல்’ என்று எழுதப்பட்டிருந்த அந்த நாளில், யாருக்கும் எதையும் தேர்ந்தெடுக்கிற வேலை இருக்கவில்லை.

மேலிடம் செய்வதெல்லாம் கெடுதல் என்றும் எழுதிவிட முடியாது. கும்பகோணம் புதிதாக மாநகராட்சி ஆன ஊர். அங்கே மேயர் பதவியைத் தி.மு.க. தலைமை காங்கிரசுக்கு ஒதுக்கியது. காங்கிரசுக்கு அங்கே கவுன்சிலர்கள் விரல் விட்டு எண்ணும் அளவுதான். அதில் ஒருவர் ஆட்டோ ஓட்டுகிற சரவணன். அவர் மேயர் ஆனார்! ஊர் முழுக்க நின்று பணம் இறைத்து ஜெயிக்கிற போட்டி என்றால் ஓர் ஆட்டோ டிரைவர் அந்த நாற்காலிப் பக்கம் போயிருக்க முடியுமா? கொடுக்கிற கை பெரிதாக இருந்தால் சில நேரம் ஏழைக்கும் விழும். ஆனால் அது கொடுப்பவர் மனசைப் பொறுத்தது. வாங்குபவருக்கு அதில் உரிமை கிடையாது.

தலைவர் குறுகினார்

2022 மார்ச் 4-ந்தேதியை எளிதில் மறக்க முடியாது. அன்று காலை மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சிகளில் தலைவர் தேர்தல். மதுரை துணை மேயர் மார்க்சிஸ்டுக்கு, திருப்பூர் துணை மேயர் இந்தியக் கம்யூனிஸ்டுக்கு, ஆவடி துணை மேயர் ம.தி.மு.க.வுக்கு, கடலூர் துணை மேயர் விடுதலைச் சிறுத்தைகளுக்கு என்று பங்கு போட்டுத் தந்திருந்தார்கள். பெரிய ஊர்களில் சொன்னபடி நடந்தது. சின்ன ஊர்கள் சிலவற்றில் தி.மு.க. கவுன்சிலர்களே எதிர்த்து நின்று கூட்டணிக் கட்சியைத் தோற்கடித்தார்கள். நெல்லிக்குப்பம் நகராட்சித் தலைவர் பதவி விடுதலைச் சிறுத்தைகளுக்கு ஒதுக்கியது. ஜெயித்தது தி.மு.க.காரர்!

அன்றே முதல்-அமைச்சர் ஸ்டாலின் அறிக்கை விட்டார். குற்ற உணர்ச்சியால் குறுகி நிற்பதாகச் சொன்னார். ஜெயித்தவர்கள் உடனே ராஜினாமா செய்துவிட்டுத் தன்னை நேரில் வந்து பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் கட்சியை விட்டு நீக்கம் என்று எச்சரித்தார். சிலர் ராஜினாமா செய்தார்கள். சிலர் நாற்காலியை விடவில்லை.

கூட்டணிக் கட்சிக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றியது நல்ல பண்புதான். நெல்லிக்குப்பத்தில் ஏமாந்தவர்கள் பக்கம் நியாயம் இருந்தது. ஆனால் இதில் ஒரு சட்ட நுணுக்கம் இருக்கிறது; பலர் கவனிக்கவில்லை.

எம்.எல்.ஏ., எம்.பி. கட்சி கொறடா உத்தரவை மீறினால் பதவி போய்விடும். 1985-ல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டம் அது. அந்தச் சட்டம் கவுன்சிலரைத் தொடாது. கேரளத்தில் உள்ளாட்சிக்கென்றே 1999-ல் தனிச் சட்டம் போட்டார்கள். நம் ஊரில் இல்லை. அதாவது, கட்சி ஒருவருக்கு ஓட்டுப் போடச் சொல்லி, கவுன்சிலர் இன்னொருவருக்குப் போட்டால், சட்டப்படி அவர் பதவியில் ஒரு தூசுகூட விழாது.

அப்படியானால் எதற்குப் பயப்படுகிறார்கள்? அடுத்த முறை ‘பி’ பாரம் வராதே என்ற பயம்தான். கட்சியை விட்டுக் கல்தா கொடுத்துவிட்டால் ‘வட்ட’மும் பேசாது, அதிகாரியும் போனை எடுக்க மாட்டார் என்ற பயம்தான். ஆளும் கட்சியாக இருந்தால் அந்தப் பயம் இரட்டிப்பு.

பழைய சம்பவம் ஒன்று. 2006 அக்டோபர் 13-ந்தேதி சென்னை மாநகராட்சித் தேர்தல். பூத்களில் அடிதடி, ரகளை. வழக்கு ஐகோர்ட்டுக்குப் போனது. நீதிபதிகளிடையே மாறுபட்ட தீர்ப்பு. 2007 தொடக்கத்தில், முதல்-அமைச்சராக இருந்த கருணாநிதி சொன்ன சொல்லுக்கு ஆளும் அணிக் கவுன்சிலர்கள் டஜன் கணக்கில் ராஜினாமாக் கடிதம் கொடுத்தார்கள். பிப்ரவரியில் அந்த வார்டுகளில் மறுபடி தேர்தல் வந்தது. அந்த ராஜினாமா சரியா, தப்பா என்று அன்று பேசினார்கள். ஆனால் வார்டு மக்கள் கொடுத்த பதவியைத் திருப்பிக் கொடுக்கும்போது, வார்டு மக்களைக் கேட்க வேண்டும் என்று எவருக்கும் தோன்றவில்லை.

நெல்லையில் 23 ஓட்டு

பயம் எப்போது போகும்? யாரும் பார்க்காதபோது!

2024-ல் மூன்று ஊரில் நடந்ததை வரிசையாகப் பாருங்கள்.

நெல்லை மாநகராட்சி மேயர் பி.எம்.சரவணன். தி.மு.க. அவர் மேல் தி.மு.க. கவுன்சிலர்களே நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொடுத்தார்கள். ஜனவரி 12-ந்தேதி கூட்டம். மேலிடம் தலையிட்டது. கூட்டத்துக்கு ஒரு கவுன்சிலர்கூட வரவில்லை! கையெழுத்துப் போட்டவர்களையும் காணோம். தீர்மானம் தோற்றது. ஜூலை 3-ந்தேதி அதே மேயர் ராஜினாமா. அதே நாளில் கோவை மேயர் கல்பனா ஆனந்தகுமாரும் ராஜினாமா. கடிதத்தில் சொந்தக் காரணங்கள். இரண்டு ஊர் மேயருக்கும் ஒரே நாளில் சொந்தக் காரணம் வந்தது அதிசயம்தான்!

ஜூலை 29-ந்தேதி காஞ்சிபுரம். அங்கேயும் மேயர் மகாலட்சுமி மீது நம்பிக்கையில்லாத் தீர்மானம். அங்கேயும் கூட்டத்துக்கு யாரும் வரவில்லை. தீர்மானம் தோல்வி. கவுன்சிலர்கள் மேயரை நம்பினார்களா, நம்பவில்லையா? அது அந்தக் காலி நாற்காலிகளுக்குத்தான் தெரியும்.

ஆகஸ்டில் புது மேயர் தேர்தல். கோவையில் 6-ந்தேதி ரங்கநாயகி போட்டியின்றி வந்தார். முந்தின நாள், 5-ந்தேதி, நெல்லையில்தான் விஷயம்.

தலைமை அறிவித்த வேட்பாளர் ராமகிருஷ்ணன். சைக்கிளில் போகிற எளிய மனிதர் என்று பேர். எதிர்த்து நின்றார் பவுல்ராஜ், அவரும் தி.மு.க. கவுன்சிலர்தான். 55 வார்டு உள்ள மாநகராட்சியில் அ.தி.மு.க.வுக்கு இருந்தது 4 பேர். ஆகவே எண்ணுவதற்கே வேலை இருக்காது என்றுதான் நினைத்தார்கள். பெட்டியைத் திறந்தால், ராமகிருஷ்ணனுக்கு 30. பவுல்ராஜுக்கு 23. ஒரு ஓட்டு செல்லாதது.

அ.தி.மு.க.வின் நாலு பேரும் பவுல்ராஜுக்கே போட்டார்கள் என்று வைத்துக்கொண்டாலும், ஆளும் அணியிலேயே 19 பேர் மேலிடத்துக்கு எதிராகக் குத்தியிருக்கிறார்கள். கையைத் தூக்கச் சொல்லியிருந்தால் 19 கையும் ராமகிருஷ்ணனுக்குத் தூக்கியிருக்கும். பேர் சொல்லி ஓட்டுப் போடச் சொல்லியிருந்தால் பவுல்ராஜ் நின்றிருக்கவே மாட்டார். ரகசிய ஓட்டு. தடுப்புக்குள் ‘மாவட்டம்’ வர முடியாது.

ஜனவரியில் கூட்டத்துக்கு வரவே பயந்தவர்கள், ஆகஸ்டில் தடுப்புக்குள் அப்படி ஓட்டுப் போட்டார்கள். கவுன்சிலர்களுக்கு மனசு இல்லாமல் இல்லை. இருக்கிறது. யாரும் பார்க்காத இடத்தில் மட்டும் அது வேலை செய்கிறது.

கவுன்சிலரே இல்லாத காலம்

இவ்வளவு படித்த பிறகு, “கவுன்சிலரே வேண்டாம், அதிகாரிகளே போதும்” என்று யாராவது சொல்லக் கூடும். ரெயிலில் அப்படிப் பேசுகிறவர்கள் உண்டு.

சென்னை அதையும் பார்த்துவிட்டது. 2016 அக்டோபரில் நடக்க இருந்த உள்ளாட்சித் தேர்தலை ஐகோர்ட்டு ரத்து செய்தது. பழைய மன்றத்தின் காலம் அந்த மாதமே முடிந்தது. புது மன்றம் வந்தது 2022 மார்ச்சில். நடுவில் ஐந்து வருஷத்துக்கு மேல் தனி அதிகாரி ஆட்சி. அந்த இடைவெளியில்தான் 2016 டிசம்பர் 12-ந்தேதி வார்தா புயல் வந்தது. தெருவுக்குத் தெரு மரம் விழுந்து கிடந்தது. 2019 கோடையில் ஏரிகள் வறண்டு, குடத்தைத் தூக்கிக்கொண்டு ஊரே லாரிக்குக் காத்திருந்தது. 2020-ல் கொரோனா வந்தது. வீட்டு வாசலில் தகரம் அடித்தார்கள். “எங்கே போய்ச் சொல்வது?” என்று கேட்டவர்களுக்கு ஒரு போன் நம்பர் இருந்தது. முகம் இல்லை.

சாக்கடை அடைப்பு என்றால் குடிநீர் வாரியம், மழைநீர்க் கால்வாய் என்றால் மாநகராட்சி, கம்பி அறுந்தால் மின்வாரியம் என்பது படித்தவருக்கே குழப்பம். கவுன்சிலர் என்று ஒருவர் இருந்தால் திட்டவாவது செய்யலாம். திட்டினால் அவர் ஓர் உதவிப் பொறியாளரையாவது இழுத்துக்கொண்டு வருவார். கவுன்சிலர் இல்லாத அந்த வருஷங்களில் தேர்தலைச் சீக்கிரம் நடத்த வேண்டும் என்று பெரிய கட்சிகளின் ‘மாவட்டங்கள்’ உண்ணாவிரதம் இருந்ததாக யாருக்கும் நினைவில்லை. வார்டில் ஆள் இல்லாவிட்டால் அவர்களுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. எல்லா மனுவும் அவர்கள் வீட்டுக்கே வரும்.

ஆகவே கவுன்சிலர் வேண்டும். ஆனால் அவர் யாருக்குப் பயப்பட வேண்டும் என்பதுதான் பிரச்சினை.

கிராம ஊராட்சியில் தலைவருக்கும் வார்டு உறுப்பினருக்கும் கட்சிச் சின்னம் கிடையாது. பூட்டு சாவி மாதிரி ஏதாவது ஒரு சின்னத்தில் நிற்கிறார்கள். கட்சி இல்லாமல் இல்லை. யார் எந்தக் கட்சி என்று ஊருக்கே தெரியும். பணமும் ஓடுகிறது. சாதியும் பார்க்கிறார்கள். ஆனாலும் அங்கே ஓர் ஆளின் பேர் கெட்டால் அவர் தோற்பார். மேலிடத்துச் சின்னம் வந்து காப்பாற்றாது. பட்டணத்தில் பேர் கெட்டவரையும் சின்னம் கரை சேர்க்கிறது. பேர் உள்ளவரையும் சின்னம் இல்லாமை மூழ்கடிக்கிறது. 2022-ல் சென்னையின் 200 வார்டில் சுயேச்சையாக ஜெயித்தவர்கள் ஐந்தே பேர்.

கட்சிச் சின்னத்தை எடுத்துவிட வேண்டும் என்று சொன்னால் எந்தக் கட்சியும் கேட்காது. சரி, சின்னம் இருக்கட்டும். அதை யாருக்குக் கொடுப்பது என்பதையாவது அந்த வட்டத்தில் உறுப்பினர் அட்டை வைத்திருக்கிற கட்சிக்காரர்கள் பெட்டி வைத்து ஓட்டுப் போட்டு முடிவு செய்யலாமே? நெல்லையில் கவுன்சிலர்களுக்குக் கிடைத்த தடுப்பு, மழையிலும் வெயிலிலும் கொடி கட்டுகிற தொண்டனுக்கு ஏன் கிடைக்கக் கூடாது? செலவு ஒரு பெட்டி, ஒரு கட்டு காகிதம். மேயரையும் மக்களிடமே விட்டுவிடலாம். 1996-ல் விட்டார்கள், ஊர் ஒன்றும் முழுகிப்போகவில்லை. இன்னொன்று, வேட்பாளர் பட்டியலைக் கடைசி மணி நேரத்துக்கு இழுக்காமல் பத்து நாள் முன்பே ஒட்டலாம். வார்டில் உள்ளவர்கள், “இவரா? இவர் எங்க தெருவை எட்டிக்கூடப் பார்க்க மாட்டாரே” என்று சொல்லவாவது நேரம் இருக்கும்.

2022 மார்ச்சில் பதவி ஏற்ற மன்றங்களுக்கு ஐந்து வருஷக் கணக்கு 2027 மார்ச்சில் முடிகிறது. அதற்கு முன்பே வராந்தாக்களில் கூட்டம் சேர்ந்துவிடும். பிறந்தநாள் போஸ்டரில் ‘மாவட்ட’த்தின் படம் பெரிதாகும், ஒட்டியவரின் படம் தபால்தலை அளவில் கீழ்மூலையில் இருக்கும். பல்லவன் சாலையிலோ பழைய வண்ணாரப்பேட்டையிலோ பஸ்சுக்கு நிற்கிறபோது சுவரைப் பாருங்கள். கீழ்மூலையில் கும்பிட்டுக்கொண்டு நிற்கிற அந்தச் சின்ன முகம்தான் அடுத்த கவுன்சிலர். அவர் கும்பிடுவது மேலே இருக்கிற படத்தை.